அப்பாவின் வண்டியும் நியூட்டனின் விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொங்கு நாட்டாருக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு. மாருதி 800-இன் சின்னஞ்சிறு எஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தயக் காரை உருவாக்கியவர் கோவை கரிவரதன். இத்தகைய மண்ணில் வண்டியைப் பற்றிப் பேசாத வீடு உண்டோ? எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். ஆனால் எங்களுக்கு அது வயிற்றுப்பாட்டுப் பேச்சு.

என் தந்தையார் பல ஆண்டுகள் ஆலை வேன் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆகவே கடன் வாங்கி, கிளட்ச் மிதி இல்லாத பழைய செலிரியோ கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். கால் பிழைத்தது, ஆனால் புதுக் கவலை வந்தது. மாசாணியம்மன் கோயிலுக்கு நால்வரை ஏற்றிக்கொண்டு போகையில் தேங்காய் லாரியை முந்த முயன்றால் வண்டி ஒரு கணம் தயங்குகிறது. பின்னால் இருப்பவர்கள், “ஏனுங்க, வண்டி இழுக்காதுங்களா?” என்று சிரிக்கிறார்கள்.

ஆக்சிலேட்டரோடு இணைக்கும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தினால் வண்டி பறக்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். விலையோ பல ஆயிரம். கடன் தவணையில் கை வைத்தால்தான் வாங்க முடியும். “நீ படிக்கிற புள்ளையாச்சே, சாமி. நெசமாலுமே வண்டி பறக்குமா?” என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பாடநூலை எடுத்தேன். விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கிய தொகை. ‘பிக்கப்’ என்று சாலையில் சொல்வதும், ‘முடுக்கம்’ என்று வகுப்பில் சொல்வதும் ஒன்றே. அந்தப் பெட்டி எஞ்சினுக்கு விசை எதையும் கூட்டுவதில்லை. கால் மிதிக்கும் அளவை மிகைப்படுத்தி எஞ்சினின் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவே. முழுவதும் மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பின் தயக்கம் எதனால்? நம் நாட்டில் 2014-இல் செலிரியோ வழியாக வந்த இம்முறையில், உள்ளே இருப்பது வழக்கமான ஐந்து கியர்ப் பெட்டியே. கிளட்சை விடுவித்துக் கியரை மாற்றும் வேலையை மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. மாறும் அந்தக் கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது. விசை இல்லை, முடுக்கமும் இல்லை.

இந்த 998 சி.சி. எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை நிமிடத்துக்கு 3500 சுற்றிலும், முழுத் திறனை 6000 சுற்றிலும் தருகிறது. மெல்ல மிதித்துப் போகும்போது கருவி விரைவில் மேல் கியருக்குப் போய்விடுவதால் சுற்று குறைந்து கிடக்கிறது. எனவே முந்தும் இடம் வருவதற்குச் சற்று முன்பே கியர்க் கம்பியை ‘எம்’ நிலைக்குத் தள்ளி ஒரு கியர் இறக்கிக்கொள்ள வேண்டும். லாரியின் பக்கத்தில் போன பிறகு அழுத்தி மிதித்தால், கியர் இறங்கும் வரை சாலையின் நடுவே காத்திருக்க நேரும்.

அடுத்தது நிறை. கரிவரதன் சிறிய எஞ்சினில் வேகம் கண்டது வண்டியை இலேசாக்கித்தான். அப்பா மட்டும் ஓட்டினால் மொத்தம் ஏறக்குறைய 900 கிலோ. நால்வரும் மூட்டைகளும் ஏறினால் 1200 கிலோ. அதே விசைக்கு முடுக்கம் முக்கால் பங்காகிவிடும். இதை மாற்ற எந்தப் பெட்டியாலும் ஆகாது. பின்பெட்டியில் வீணே கிடந்த தண்ணீர்க் கேன்களை இறக்கினோம். காற்று வடிகட்டியை மாற்றினோம். டயர்க் காற்றைச் சரிபார்த்தோம். செலவு சில நூறுகளோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆளில்லாத சாலையில் இரு விதமாகவும் ஓட்டிப் பார்த்தோம். கியரை முன்பே இறக்கியபோது வண்டி தயங்காமல் எழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தார். ஆள் நிறைந்திருந்தால் எதிரே இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும், இல்லையேல் லாரியின் பின்னாலேயே போவதே கணக்கு என்பதையும் சொன்னேன். “அது எனக்குத் தெரியும், கண்ணு. முப்பது வருசமா அப்படித்தானே ஓட்டுறேன்” என்றார். நான் சூத்திரத்தில் கண்டதை அவர் சாலையில் கண்டிருந்தார்.

மாணவ நண்பர்களே! சமன்பாடுகள் தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டும் அல்ல. நம்மைப் படிக்க அனுப்பியவர்களிடமும் கேள்விகள் இருக்கின்றன. அவர்கள் கேட்கத் தயங்கலாம். நாம் சொல்லத் தயங்கலாகாது.