டான்யூப் கரையோரம் இரண்டு சைக்கிள், நாலு பை

மூன்று நதிகள் கூடுகிற ஊர் பாசாவ். ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. இல்ஸ், இன், டான்யூப் மூன்றும் மூன்று நிறத்தில் வந்து சேருகின்றன. காட்டுச் சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ஸ் கறுப்பு. ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வரும் இன் வெளிர் பச்சை. டான்யூப் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். நம்மூர்க் கூடுதுறை ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? ஆனால் இங்கே யாரும் முழுக்குப் போடுவதில்லை. சைக்கிளும் கையுமாக நிற்கிறார்கள். இங்கிருந்து வியன்னா வரை ஆற்றங்கரையை ஒட்டியே சுமார் 320 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போகிறது. கார், லாரித் தொல்லை வெகு குறைவு.

2023 ஜூலையில் நானும் என் மகளும் அந்தப் பாதையில் ஏழு நாள் போனோம். "இந்த வயசில் சைக்கிளா?" என்று மூக்கில் விரலை வைக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நான் புதுக்கோட்டைக்காரி. 1991-ல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற வைத்ததே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. தவிர, டான்யூப் பாதை ஏறக்குறைய மட்டம். ஆறு போகும் திசையிலேயே போவதால் மேடு என்று பயப்பட அதிகம் இல்லை. ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர், நடுநடுவே காப்பி என்று போனால் யாரும் போகலாம்.

பாதையைவிட எங்களை யோசிக்க வைத்தது பைதான். எந்தப் பை, எங்கே கட்டுவது என்பதற்கே ம்யூனிக்கில் மகள் வீட்டில் பத்து நாள் விவாதம் நடந்தது.

காரணம் இருக்கிறது. என் பேத்திக்கு அப்போது இரண்டு வயசு. சதா அவளை இடுப்பில் தூக்கித் தூக்கி மகளுக்கு அடிமுதுகில் வலி. பிஸியோதெரபி செய்கிற அம்மாள், "சைக்கிள் தாராளமாக ஓட்டலாம், முதுகில் மட்டும் மூட்டை கூடாது" என்று சொல்லியிருந்தார். முதுகு நன்றாக இருப்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். சைக்கிளில் கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காருகிறோம். அப்போது தோளில் தொங்குகிற பாரம் கழுத்தையும் மணிக்கட்டையும் போய் அழுத்தும். வேர்வை வேறு. ஒரு மணி நேரம் கடைக்குப் போய் வர முதுகுப் பை சரி. ஏழு நாளுக்குச் சைக்கிள்தான் சுமக்க வேண்டும், நாம் அல்ல.

மாப்பிள்ளைக்கு இதில் அனுபவம் உண்டு. சனி ஞாயிறில் காட்டுப் பாதையில் கூடாரத்தோடு கிளம்பிவிடுவார். "அத்தை, கேரியரே வேண்டாம். என்கிட்ட மூணு பை இருக்கு, அவ சைக்கிள்ல நானே கட்டித் தர்றேன்" என்றார்.

அந்த மூன்று பைகளையும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தன. ஒன்று, சீட்டுக்கு அடியிலிருந்து பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சுரைக்காய் மாதிரி ஒரு முனை குறுகி, மறு முனை பருத்திருக்கும். இரண்டாவது, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் அடங்குகிற தட்டையான பை. மூன்றாவது, ஹாண்டில்பாருக்கு முன்னால் குறுக்கே கட்டுகிற உருளை. நம் அந்தக் காலத்து ஹோல்டாலைச் சின்னதாகச் சுருட்டி வைத்தது போல! எல்லாமே வார் வைத்து இறுக்கிக் கட்டுவது. மூன்றும் சேர்ந்து 30 லிட்டர் கொள்ளும்.

இந்த மாதிரிப் பைகள் கரடுமுரடான மலைப் பாதைக்காகப் பிறந்தவை. கனடாவில் பான்ஃப் என்ற ஊரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, ராக்கி மலையை ஒட்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. அது பெரும்பாலும் ஜல்லியும் மண்ணும்தான். அந்த மாதிரிக் குலுக்கலில் கேரியரின் திருகு கழன்றுகொள்ளும். இரு பக்கமும் பை தொங்கினால் குறுகிய ஒற்றையடிப் பாதையில் புதரில் மாட்டும். சைக்கிளோடு ஒட்டிக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, கனமும் குறைவு. மாப்பிள்ளை சொன்னது அவர் போகிற காட்டுக்கு நியாயம்தான்.

நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிள்கள் நின்ற இடத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளை ஆறடி, என் மகள் ஐந்தடி. அவர் சைக்கிளில் சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவே 27 சென்டிமீட்டர் இடம் இருந்தது. அவள் சைக்கிளில் 13தான்! சுரைக்காய்ப் பையைக் கட்டி, உள்ளே துணியைத் திணித்து, சீட்டில் அவளை உட்கார வைத்தால் பையின் அடி டயரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் உராய்ந்து கிழிந்துபோகும். முக்கோணப் பையை வைத்தால் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. என் கதை அதைவிடச் சுலபம். நான் வாடகைக்கு எடுக்கப்போவது குறுக்குத் தண்டு இல்லாத லேடீஸ் சைக்கிள். அதில் முக்கோணமே கிடையாதே, பையை எங்கே வைப்பது?

"மாப்பிள்ளை, இந்தப் பையைத் தைச்சவங்க மனசுல ஆறடி ஆம்பளைதான் இருந்திருப்பார் போல" என்றேன்.

"சின்ன சைஸும் வருது அத்தை" என்றார் சிரித்துக்கொண்டே. வருகிறதுதான். அதில் ஆறேழு லிட்டர்தான் கொள்ளும். ஏழு நாள் துணி, மழைக் கோட்டு, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் எங்கே போகும்?

ஆகவே கேரியர், அதன் இரு புறமும் தொங்குகிற பக்கப் பைகள் என்று முடிவாயிற்று. நம்மூர்ப் பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு போவாரே, அதே தத்துவம்தான். பாரம் தாழ்வாகத் தொங்கும்போது சைக்கிள் தள்ளாடாது. புதுக்கோட்டைப் பெண்கள் கேரியரில் குடம் வைத்துக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை. மகளுடைய சைக்கிளில் கேரியர் மாட்டத் திருகு ஓட்டைகள் இருந்தன. சில சைக்கிள்களில் இருக்காது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பையும் மாட்டிப் பெடலை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் கொக்கியைப் பின்னால் தள்ளி மாட்டலாம். என் மகளுக்குச் சின்னக் கால், இடிக்கவே இல்லை. குள்ளமாக இருப்பதில் இப்படி ஒரு ஆதாயமும் உண்டு!

அவளுக்குக் கிடைத்தது இரவல் பை, மாப்பிள்ளையின் அலுவலக நண்பருடையது. லாரி மேல் போர்த்துகிற தார்ப்பாய் போல வழவழவென்று இருந்தது. விசாரித்தால், அந்தப் பை பிறந்ததே தார்ப்பாயில்தானாம். ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் 1981-ல் இங்கிலாந்தில் சைக்கிளில் சுற்றியபோது மழையில் சாமானெல்லாம் நனைந்திருக்கிறது. பக்கத்தில் போன லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் சரக்கு நனையாமல் இருந்ததைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, அம்மாவின் தையல் மெஷினில் தார்ப்பாய்த் துணியைப் போட்டுப் பை தைத்தார். 1982-ல் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். தைத்தால் ஊசி ஓட்டை வழியே தண்ணீர் வருமல்லவா? அதனால் பிற்பாடு தைக்காமல் உருக்கி ஒட்டும் முறைக்கு மாறினார்கள். வாயை மூடுவதும் சாமர்த்தியம்தான். ஜிப் கிடையாது. மளிகைக் கடைப் பொட்டலம் போல மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். ஒரு ஜோடி சுமார் 40 லிட்டர் கொள்ளும்.

சாமான் எடுத்து வைக்கும்போது ஒரு வேடிக்கை. மகள் எழுதிய முதல் பட்டியலில் பாதிக்கு மேல் குழந்தைச் சாமான், வராத குழந்தைக்கு! ஈரத்துடைப்பான், இரண்டு கவுன், பிஸ்கட். இரண்டு வருஷப் பழக்கம். "குழந்தையை விட்டுட்டா போறே?" என்று ஊரிலிருந்து போன் மேல் போன். கூட இருக்கப்போவது பெற்ற அப்பாதானே! அவரே லீவு போட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றுவிட்டார்.

சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். சீக்கிரம் காய்கிற சுரிதார் இரண்டு செட், இரவுக்கு ஒன்று, உள்ளாடை மூன்று, மழைக் கோட்டு, மாதாந்திரத் தேவைக்கானவை, மருந்து, டியூப் ஒட்டுகிற சாமான். துப்பட்டா வேண்டவே வேண்டாம், செயினில் மாட்டும். சுரிதார்க் காலில் ஒரு ரப்பர் வளையம். என் பங்கு எட்டு கிலோ, அவள் பங்கு ஒன்பது. கனமானது பையின் அடியில், சக்கரத்தை ஒட்டி. இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே எடை. அடிக்கடி வேண்டியதற்கு ஹாண்டிலில் சின்னப் பை ஒன்று. அதில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் எனக்குத் திருப்புவது சிரமமாக இருந்தது.

பாசாவிலிருந்து முதல் நாள் ஷ்லோகன் என்ற இடம் வரை. அங்கே டான்யூப் மலையில் மோதி, வந்த வழியே திரும்புவது போல ஒரு வளைவு வளைகிறது. வடகரைப் பாதை அங்கே அறுந்துவிடும். படகில்தான் போக வேண்டும். படகில் ஏற்றும்போதும், மாடி அறைக்குச் சாமான் தூக்கும்போதும் பக்கப் பையின் அருமை தெரிந்தது. கைப்பிடியை இழுத்தால் கொக்கி விடுபட்டுப் பை கையோடு வந்துவிடும். வாரால் கட்டின பையாக இருந்தால் அவிழ்க்கவே பத்து நிமிஷம்!

லின்ஸ் தாண்டிக் கிரைன் போகிற வழியில் பிடித்தது மழை. விடவே இல்லை. மகளின் தார்ப்பாய்ப் பைக்குள் ஒரு சொட்டு இல்லை. என் வாடகைப் பை சாதாரணத் துணி, மேலே மழை உறை. உறை வெளிப்பக்கத்தைத்தான் மூடுகிறது. சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் முதுகுப்பக்கமாக உள்ளே போய்விட்டது. உள்ளே பெரிய பாலிதீன் பை விரித்து வைத்திருந்ததால் துணி தப்பித்தது. வெளி அறையில் இருந்த பருப்புப் பொடி கூழ்!

மெல்க்கில் பிரமாண்டமான மஞ்சள் மடாலயம் ஒன்று குன்றின் மேல் நிற்கிறது. அதை நான் நிம்மதியாகப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் போனில் பேத்தி, "அம்மா வேணாம், போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மெல்க்கிலிருந்து ரயில் உண்டு, நள்ளிரவுக்குள் வீடு போய்விடலாம். அறைக்குப் போய்ப் பைகளைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டாள். "நீ முடிவு பண்ணு. எதுவானாலும் நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை பேசினார். குழந்தை தயிர் சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டதாம். விளையாட்டின் நடுவில் போனை நீட்டியதுதான் கோபமாம். மகள் வெகு நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். காலையில் எட்டு மணிக்கு அவளே பைகளை மாட்டி, சைக்கிளைக் கிரெம்ஸ் பக்கம் திருப்பினாள்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கு. 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர், அலாதியான அழகு. இரண்டு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், ஜூலையில் ஆப்ரிகாட் பழம் குவிந்து கிடக்கிறது. முழுப் பழத்தை மாவுக்குள் வைத்து உருட்டி வேக வைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். நம் கொழுக்கட்டைக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம்! டூர்ன்ஸ்டைன் குன்றின் மேல் இடிந்த கோட்டை. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-ல் சிறை வைத்தது அங்கேதான். நான் ஒரு பாட்டில் ஜாம் வாங்கினேன். பையில் கால் பங்கு காலியாக விட்டுக் கிளம்பச் சொல்வது இதற்காகத்தான். அரைக் கிலோ ஜாம் இடப்பக்கம் போனதும், வலப்பக்கம் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சேர்த்துச் சமன் செய்தேன்.

டுல்ன் வழியாக ஏழாம் நாள் வியன்னா. என் சைக்கிளை அங்கேயே ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பினோம். வந்ததும் பைகளைத் துடைத்தோம். இந்தப் பைகளை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து, வாயைத் திறந்து நிழலில் உலர்த்த வேண்டும். கொக்கிக்கும் கேரியருக்கும் நடுவே மணல் ஒட்டியிருந்தால் பெயிண்டை அரித்துவிடும், அதையும் துடைக்க வேண்டும்.

இரவல் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் சொந்தமாக ஒரு சிறிய ஜோடி வாங்கிக்கொண்டாள். பின்னால் இப்போது குழந்தை சீட்டு மாட்டியிருக்கிறாள். பை தொங்குகிற இடத்தில்தான் குழந்தையின் கால் வரும். அதனால் முன் சக்கரத்துக்கு ஒரு தாழ்வான கேரியர் போட்டு, பைகள் அங்கே போய்விட்டன.