பலகையில் இடம், தாளில் வலம்

ஹொகுசாயின் பேரலையை அறியாதவர் குறைவு. 1831ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் வெளிவந்த அந்த மரக்கட்டை அச்சோவியம் இன்று நாட்காட்டிகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் கூடக் காணக் கிடைக்கிறது. அதன் மூலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை வியப்பளிப்பது. மூலம் என்று ஒன்று இல்லை. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தரும் கோட்டோவியம் செர்ரி மரப் பலகையின்மேல் குப்புற ஒட்டப்படும். தாளின் பின்புறத்தை விரலால் தேய்த்து மெலிதாக்கினால் கோடுகள் துலங்கும். கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு எஞ்சியவற்றைத் தாளோடு சேர்த்துச் செதுக்கி எடுத்துவிடுவர். ஓவியம் பலகையில் அழிந்த பிறகே அச்சு பிறக்கிறது. பின்னர் எடுக்கப்படும் படிகள் அத்தனையும் மூலங்கள்தாம்.

எங்களை இக்கலையின்பால் ஈர்த்தது இவ்வியல்பே. நாங்கள் எழுவர். கல்லூரியில் தமிழ் கற்பிப்போர் இருவர், ஓவிய ஆசிரியர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், மரக்கடை நடத்தும் நண்பர் ஒருவர், மாணவர் இருவர். சுவடியும் அச்சும் கற்பிக்கும் எங்களுக்கு, எழுத்து கையிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து தாளுக்கும் செல்லும் வழியைக் கையாலேயே அறிய வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மரக்கடையின் பின்கட்டில் கூடுகிறோம். ஒவ்வொருவரும் தம் பலகையிலிருந்து எட்டுப் படிகள் எடுத்து வருவார். ஏழு படிகள் எழுவருக்கு. எட்டாவது ஒரு தகரப் பெட்டிக்குள் பொதுவாகச் சேரும்.

இம்முறை நாங்கள் கண்டுபிடித்ததன்று. தோக்கியோவில் ஒன்ச்சி கோஷிரோ என்ற கலைஞரின் வீட்டில் 1939 முதல் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை அச்சோவியர்கள் கூடினர். சங்கத்தின் பெயரே முதல் வியாழன் என்பதுதான். போர் முற்றிய 1944இல், தாளுக்கும் மைக்கும் பஞ்சம் நிலவிய வேளையில், உறுப்பினர்கள் தத்தம் படங்களைத் திரட்டித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தொகுப்பைத் தொடங்கினர். அத்தொகுப்புகள் 1950 வரை வந்தன. வாங்குவோர் அருகிய காலத்தில் அக்கலை அறுந்துபோகாமல் நின்றதற்கு இத்தகைய சிறு கூட்டங்களும் காரணம்.

அதற்கு முந்தைய வரலாறு வேறு விதமானது. எடோ காலத்தில் ஓர் அச்சோவியம் நால்வரின் உழைப்பு. பதிப்பாளர் முதலிட்டார், ஓவியர் வரைந்தார், செதுக்குநர் செதுக்கினார், அச்சிடுநர் அச்சிட்டார். ஹொகுசாய் இளமையில் செதுக்கும் தொழில் பயின்றவர் என்றாலும் பேரலையின் பலகைகளைச் செதுக்கியது வேறொரு கை. அக்கைக்குரியவரின் பெயர் படத்தில் இல்லை. தொழில் நுணுக்கம் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குப் பட்டறைக்குள்ளேயே சென்றது. ஒளிப்படமும் இயந்திர அச்சும் வந்து பட்டறைகள் நலிந்தபோது நுணுக்கமும் உடன் நலிந்தது.

1904இல் யமமோத்தோ கனாயே என்ற இளைஞர் ஒரு மீனவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். மூன்றும் ஒரே கையால் என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஃப்ராங்க் மார்லி ஃப்ளெட்சரும் அவர் நண்பர் ஜான் பேட்டனும் ஜப்பானிய முறையைக் கற்க முயன்றனர். அவர்களுக்குத் துணை நின்றது, ஜப்பானிய அரசின் அச்சுப் பணியகத் தலைவராக இருந்த தொகுனோ எழுதிய ஒரு சிறு விளக்கவுரை. தாம் கண்டறிந்தவற்றையெல்லாம் ஃப்ளெட்சர் 1916இல் நூலாக்கி, கத்தி பிடிக்கும் விதம் முதல் பசை காய்ச்சும் பக்குவம் வரை எழுதிவைத்தார். அந்நூல் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. எங்கள் முதல் ஆசான் அந்நூலே.

நூல் எவ்வளவோ கற்பித்தது. வண்ணத்துக்கு ஒரு பலகை என்று நான்கைந்து பலகைகளில் ஒரே தாளை மாற்றி மாற்றி வைத்து அச்சிட வேண்டும். தாள் இம்மியும் பிசகாதிருக்க ஒவ்வொரு பலகையிலும் அச்சிடுபவர் பக்கத்து விளிம்பில் இரண்டு குறிகள் வெட்டப்படும்: மூலையில் ஒரு முழங்கைக் குறி, சற்றுத் தள்ளி ஒரு நேர்க்கோட்டுக் குறி. தாளின் மூலையை முதற்குறியிலும் விளிம்பை இரண்டாவதிலும் பொருத்தினால் போதும். 1765இல் ஹருநோபுவின் பல வண்ணப் படங்கள் துல்லியமாக அமைந்தது இவ்வெளிய உத்தியின் பலத்தால்தான். மை எண்ணெய் மை அன்று. நீரில் கரைத்த வண்ணம், கூடவே சிறிது அரிசிப் பசை. அழுத்துவதற்கு இயந்திரம் இல்லை. மூங்கில் மடலால் பொதிந்த பாரென் என்னும் வட்டத் தகடு. மூங்கில் மடலுக்குப் பதில் நாங்கள் கமுகம்பாளையை ஊறவைத்து மெலிதாக உரித்துக் கட்டிக்கொள்கிறோம்.

நூல் சொல்லாதவற்றை எங்கள் ஊர் வெயில் சொல்லிற்று. இம்முறையில் தாள் ஈரமாகவே இருக்க வேண்டும். நனைந்த தாள் விரியும், காயுந்தோறும் சுருங்கும். சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் முதல் வண்ணத்துக்கும் மூன்றாம் வண்ணத்துக்கும் இடையில் தாள் ஒரு நூலளவு குறுகிவிடுகிறது. குறிகள் சரியாக இருந்தும் வண்ணம் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஈரச் செய்தித்தாள்களுக்கு இடையே தாள்களை அடுக்கி, பாலித்தீன் உறையில் பொதிந்து, ஒவ்வொன்றாக உருவி அச்சிட்டு உடனே திருப்பி வைப்பதே நாங்கள் கண்ட வழி. கோடையில் விடியற்காலையில் மட்டும் அச்சிடுகிறோம்.

நூலும் வெயிலும் கற்பிக்க இயலாத ஒன்றை ஒரு முதியவர் கற்பித்தார். ஓவிய ஆசிரியர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். எழுபத்தாறு வயது. எங்கள் ஊர் அச்சகங்களுக்கு முப்பதாண்டுகள் மரக்கட்டை செதுக்கித் தந்தவர்: கடைகளின் சின்னங்கள், திருவிழா அறிவிப்பின் பெரிய எழுத்துகள், அழைப்பிதழ்த் தெய்வ உருவங்கள். ஆஃப்செட் வந்த பிறகு வேலை நின்றது. நாங்கள் சென்று கேட்டபோது அவருக்கு விருப்பமில்லை.

“இதக் கத்துக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க? எனக்கே சோறு போடாம விட்ட தொழில் இது.”

“தொழிலுக்காக இல்லீங்க ஐயா. தெரிஞ்சுக்கணும்னு ஓர் ஆசை.”

“ஆசையா?” என்று கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அடுத்த மாதம் உளிப்பையோடு தாமே வந்தார்.

கோட்டின் இருபுறமும் கத்தியை வெளிப்புறமாகச் சாய்த்து வெட்ட வேண்டும் என்பதை ஃப்ளெட்சர் படம் போட்டே விளக்கியிருந்தார். முதியவர் எங்கள் மாணவியின் மணிக்கட்டைப் பிடித்து அச்சாய்வை வைத்துக் காட்டினார். “கரை மாதிரி நிக்கணும்மா. சுவர் மாதிரி நின்னா சாஞ்சிடும்.” வயல்வரப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்களில் பலர். அந்த ஒரு சொல்லில் படத்தின் பொருள் கைக்குள் இறங்கியது. பலகையில் இடமாக இருப்பது தாளில் வலமாகும் என்பதால் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். நாங்கள் தாளில் எழுதிக் குப்புற ஒட்டிச் செதுக்குவோம். அவரோ எதையும் வரையாமல் ‘ழ’கரத்தை அதன் வாலிலிருந்து தொடங்கித் தலைமாற்றிச் செதுக்கினார். கண்ணில் புரை இருந்தது. விரல் நுனியால் தடவியே ஆழம் பார்த்தார்.

தாம் செதுக்கிய கட்டைகளில் பெரும்பாலானவை அடுப்புக்குப் போய்விட்டன என்று சொன்னார். மூன்று மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றுள் மயில்மேல் அமர்ந்த முருகன் ஒன்று. கட்டையைச் செதுக்கி அச்சகத்தில் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அச்சிட்ட தாள் அவர் கைக்கு வருவது அரிது. நாங்கள் அதை நல்ல தாளில் அச்சிட்டு, அடியில் கையொப்பமிடுமாறு பென்சிலை நீட்டினோம். “என் பேரா?” என்றார். பிறகு, பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். இரண்டு படிகளைத் தம் மகள்களுக்கென்று வாங்கிச் சென்றார்.

இவ்வளவையும் பிறருக்குச் சொல்லலாமா என்ற வினா எங்களுக்குள்ளேயே எழுந்ததுண்டு. படம் விற்று வாழும் ஓவிய நண்பர் ஒருவர் ஒருமுறை வந்து, எல்லாவற்றையும் இப்படித் திறந்து வைத்தால் கலைஞனுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. 3/20 என்று படத்தின் கீழ் எழுதினால் இருபது படிகளுக்குமேல் எடுப்பதில்லை என்பது வாங்குபவருக்குத் தரும் வாக்கு. அதற்காகவே சிலர் அச்சு முடிந்ததும் பலகையின் குறுக்கே கீறிவிடுகின்றனர். அவ்வாக்கைக் காப்பது கடமை. ஆயினும் எண்ணிக்கைக்கு இட வேண்டிய பூட்டை நுணுக்கத்துக்கு இட வேண்டியதில்லை என்பது எங்கள் முடிவு. முறை தெரிந்துவிட்டதால் ஒருவரைப் போல் இன்னொருவர் செதுக்கிவிட முடியாது. எங்கள் பெட்டியில் உள்ள படங்களே அதற்குச் சான்று: ஒரே மரம், ஒரே பசை, ஒரே ஆசான், ஏழு விதமான கோடுகள்.

முதியவர் இரண்டாண்டுகள் வந்தார். இப்போது கை நடுங்குகிறது, வருவதில்லை. அவரிடமிருந்ததில் கால்பங்கேனும் எங்களிடம் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே. முப்பதாண்டுகளில் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரைப் போன்றோர் சிற்றூர்களில் இன்னும் இருப்பர். நண்பர்கள் தத்தம் ஊரின் பழைய அச்சகங்களில் விசாரித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

தொடங்க விரும்புவோர்க்கு அதிகம் தேவையில்லை. ஒரு சாண் அளவில் முடிச்சில்லாத பலகை அல்லது நல்ல பிளைவுட், ஒரு கத்தி, அரைவட்ட வாயுள்ள ஓர் உளி, சாணைக்கல் ஒன்று. உளியைத் தீட்டக் கற்பதற்கே முதல் மாதத்தைக் கொடுக்கலாம். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, கிழிக்கும். முதல் படத்தை ஒரே வண்ணத்தில் அமைத்துக்கொள்வது நல்லது. பத்துப் படிகள் எடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைக் கொடுத்துவிடுங்கள். கேட்பவருக்குப் பசை காய்ச்சும் பக்குவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.