ஆறு மணிக் கூட்டம்

ஆகஸ்ட் 4, 2023, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு. குழுவில் 20 பேர், அவர்களில் 15 பேர் பெற்றோர். வந்தது குழுத் தலைவியும் சுய உதவிக் குழு அக்காவும் வார்டு உறுப்பினரும் மட்டும். தலைமையாசிரியை தீர்மான நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஆடிப் பதினெட்டு என்பதால் ஒருநாள் கூலி ஏற்கெனவே போயிருக்கிறது. இன்று எல்லாரும் குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுக்கிறார்கள். தலைவி கையில் மண்ணோடு நேராகக் காட்டிலிருந்து வந்திருந்தார். அவர் மகள் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படிக்கிறாள்.

"மூணு மணிக்கு எவ காட்ட விட்டுட்டு வருவா டீச்சர்? அரைநாள் கூலி போயிருமில்லங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வைங்க, நான் கூட்டியாறேன்."

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெண்கள் எந்த நேரத்தில் வர முடியும் என்பதை ஊர்தான் யோசிக்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் காட்டு வேலைக்கும் சேகோ ஆலைக்கும் போகிறவர்கள் கூட்டத்துக்கு வராததால் அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது அநியாயம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். புதன்கிழமை மாலை ஆறு மணி. தீர்மானம், கையெழுத்து எல்லாம் வழக்கமான கூட்டத்திலேயே இருக்கட்டும், இது சும்மா உட்கார்ந்து பேசுவது.

என்ன பேசுவது? மதிய இடைவேளை முழுக்க இதே பேச்சு. பெற்றோரைக் கூப்பிட்டாலே நாங்கள் கேட்பது சுண்ணாம்பு அடிக்க, மின்விசிறி வாங்க, சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்க. இது பழைய வழக்கம். காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் மணியும் கட்டடமும் நிலமும் கொடுத்தார்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவுக்கும் முதலில் கை கொடுத்தது மக்கள்தான். அந்தத் தலைமுறை இல்லையென்றால் இந்தக் கூரையே இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதை இன்றைக்கும் நாம் ஊரோடு பேசுவதில்லை.

கிராமப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் 2022 அறிக்கையில் தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை, 4.8 தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் வடு அது. இதைப் பெற்றோரிடம் மறைத்து என்ன பயன்?

ஆகஸ்ட் 9, புதன்

வந்தார்கள். வராந்தா நிறைந்துவிட்டது. கைக்குழந்தையோடு நாலைந்து பேர், இரண்டு பாட்டிகள், டூவீலரை வெளியே நிறுத்திவிட்டு வந்த அப்பாக்கள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். யார் எந்த நிலை என்பதைப் பொதுவில் படிக்கவில்லை. ஒவ்வொருவராக வகுப்பறைக்குள் கூப்பிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, நாலு வரி வாசிக்கச் சொன்னோம். நேரம் பிடித்தது. ஆனாலும் அவசரப்படவில்லை.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். "வண்டி" என்பதில் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு நின்றான். பிறகு படத்தைப் பார்த்து "மாட்டுவண்டி" என்று முழுதாகச் சொன்னான். அவன் அம்மாவுக்குச் சந்தோஷம். படத்தைக் கையால் மூடி மறுபடி கேட்டேன். வரவில்லை. அம்மா முகம் சுருங்கியது. "நாலாவது படிக்கிறானேங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் பள்ளிக்கூடமே போனதில்ல டீச்சர். வீட்ல நான் என்ன பண்ணட்டும்?"

செய்ய முடிகிற ஒன்றைத்தான் சொன்னேன். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள், அவன் வாய்விட்டு வாசிக்கட்டும். எங்கே நிற்கிறானோ அந்தச் சொல்லைப் பென்சிலால் சுழிக்கச் சொல்லுங்கள். காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, அவன் நிற்பது காதில் விழுந்தால் போதும்.

அப்பா ஒருவர் எழுந்து நேராகவே கேட்டார்: "அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். எப்படிங்க பாப்பீங்க? அடுத்த வருசம் பாப்பாவ வேன்ல அனுப்பலாம்னு இருக்கேன்."

நியாயமான கேள்வி. தலைமையாசிரியை கணக்கை வைத்தே பதில் சொன்னார். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. இங்கே இப்போது 43. தனியார் பள்ளி வேன் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் மூன்றாவது ஆசிரியரைத் தள்ளிக்கொண்டே போகிறது. "காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் பாப்பா வாசிக்கிறத நீங்களே வந்து கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க," என்றார். அந்த அப்பா தலையாட்டினார். சரி என்று சொல்லவில்லை.

ஏழு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க எல்லாரும் கிளம்பினார்கள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம் முடிந்து கிராம சபை. கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமல் மாதக்கணக்காகிறது. நாங்கள் எழுதிய கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. இன்று தாய்மார்களே எழுந்து பேசினார்கள். "பொட்டப் புள்ளைங்க தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க," என்று தலைவி சொன்னதும் கூட்டம் அடங்கிவிட்டது. தீர்மானம் பதிவானது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது மேலாண்மைக் குழுவின் வேலை என்று சட்டத்தின் 22-ஆம் பிரிவே சொல்கிறது. ஆசிரியர் கேட்டால் கோரிக்கை, பெற்றோர் கேட்டால் உரிமை.

ஆகஸ்ட் 21, திங்கள்

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மாற்றியாகிவிட்டது.

அந்த நான்காம் வகுப்புப் பையனின் புத்தகம் முழுக்கச் சுழிகள். பாதிக்கு மேல் ண், ட், ங் வருகிற சொற்கள். மெய்யெழுத்தில்தான் தடுக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரிந்தது அவனுக்கு வாசிக்க வரவில்லை என்பது மட்டும். எங்கே வரவில்லை என்பதை அவன் அம்மா அனுப்பியிருக்கிறார். இன்று அவனை வைத்துக்கொண்டு புள்ளி வைத்த எழுத்துகள் மட்டும்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்று முதல் காலை உணவு. போன செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது, இன்று திருக்குவளையில் முதல்வர் தொடங்கிவைக்க 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சமைப்பவர்கள் நம் பிள்ளைகளின் அம்மாக்களே. விடியும் முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். வெறும் டீயோடு வந்து பத்து மணிக்கே சோர்ந்துபோகும் பிள்ளைகள் இன்று பதினொன்றரை வரை கணக்குப் போட்டார்கள். எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பக்கத்து ஊர் ஆசிரியை போனில் கேட்டார், "எப்படி இத்தனை பேரை வரவெச்சீங்க?" அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மாதத்தில் ஒருமுறையாவது கூட்டத்தைக் காட்டு வேலை முடிந்தபின் வையுங்கள். நிதி கேட்கும் முன் பிள்ளை வாசிப்பதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். படிக்காத தாய்க்கும் செய்ய ஒரு வேலை கொடுங்கள். எங்கள் அடுத்த மாலைக் கூட்டம் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், ஆறு மணிக்கு.