வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்காத குதிரை! தாம்பரம் முதல் பெசன்ட் நகர் வரை

தாம்பரத்தில் பீச் ரயிலைப் பிடித்தால் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் ஓடும். அரை மணி நேரத்துக்குள் கிண்டி வந்துவிடும். தினமும் இந்த ரயிலில் போய் வருபவர்களில் பலருக்கும் இது குதிரைகளின் பாதை என்பது நினைவுக்கு வராது.

பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. 1963-ல் தொடங்கிய அந்த வளாகத்தில் குதிரையேற்றமும் உண்டு. அடுத்த ஸ்டேஷன் கிண்டி. அங்கே 1777-லேயே குதிரைப் பந்தயம் ஓடியிருக்கிறது. 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு கையகப்படுத்தி சீல் வைத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். கிண்டியில் இறங்கி அடையாறு வழியாக பெசன்ட் நகர் போனால், எலியட்ஸ் பீச் மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகளைப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம் கடற்கரையிலும் இதே காட்சிதான்.

இந்தக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எதிரி, நம் ஊர் வெயில். அதைவிடப் பெரிய எதிரி, நம் ஊர்ப் புழுக்கம்.

பாண்டிய நாட்டில் மடிந்த குதிரைகள்

குதிரை நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை விலைகொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட மிஞ்சாது என்றும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால், குளிர்ந்த, வறண்ட நாடுகளில் பிறந்த குதிரைக்கு நம் கடற்கரைக் காற்று லேசில் ஒத்துவராது என்பது உண்மைதான்.

வியர்வையில் போகும் உப்பு

மனிதர்களைப்போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடும் வெயிலில் ஓடும் குதிரைக்கு ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்த்துவிடும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்த வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும். சூடு குறையாது. உடல் மேலும் மேலும் வியர்க்கும்.

மனிதர்களின் வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். 10 லிட்டர் வியர்த்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 கிராம் வெளியேறிவிடும். சிக்கல் தொடங்குவதே இங்கேதான். நமக்கு வியர்க்கும்போது தண்ணீர்தான் அதிகம் போகிறது. ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுவதால் தாகம் எடுக்கிறது. குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், ரத்தத்தில் உப்பின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. தாகம் எடு என்று மூளைக்குத் தகவலே போகாது. உடலில் நீர் வற்றிக் கிடக்கும்போதும், முன்னால் வைத்த வாளியை மோந்து பார்த்துவிட்டுக் குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘தண்ணி வெச்சேன், அது குடிக்கலை. தாகம் இல்லைபோல’ என்று நினைத்தால் ஆபத்து.

எலெக்ட்ரோலைட் எனப்படும் தாது உப்புக் கலவை கைகொடுப்பது இந்த இடத்தில்தான். இழந்த உப்பு உள்ளே போனதும் தாகம் திரும்பும். குதிரை தண்ணீர் குடிக்கும்.

உப்பு மட்டும் போதாது

சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை, சும்மா நிற்கும் நாளிலேயே 25 லிட்டருக்குமேல் தண்ணீர் குடிக்கும். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் சாதாரண உப்பும் அதற்குத் தேவை. கொள்ளும் புல்லும் சத்து தரும்; ஆனால், வியர்வையில் போன சோடியத்தை அவற்றால் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் லாயத்தில் உப்புக்கட்டியைத் தொங்கவிடுகிறார்கள். அதிகம் வியர்க்கும் நாட்களில் எலெக்ட்ரோலைட் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. உப்பு கலந்த வாளிக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளியும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்பை மட்டும் கொடுத்தால், குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு நிலைமை இன்னும் மோசமாகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். மனிதர்களுக்கான ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றிரண்டைக் கரைத்துக் கொடுப்பதும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

ஓடி வந்த குதிரைக்கு உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆய்வுகள் அதை மாற்றின. உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படும்படி நடக்க விட்டால் சூடு சீக்கிரம் இறங்கும்.

ஏறும் முன் ஒரு நிமிடம்

பீச்சில் உங்கள் பிள்ளை குதிரை சவாரி கேட்டால், முதலில் குதிரையைப் பாருங்கள். நிழலில் நிற்கும்போதும் மூச்சு வாங்குகிறதா? தலை தொங்கிக் கிடக்கிறதா? கழுத்துத் தோலைக் குதிரைக்காரர் கிள்ளிவிட்டால், உடனே படியாமல் மடிப்பாகவே நிற்கிறதா? இவை நீர் வற்றியதன் அறிகுறிகள்.

கொளுத்தும் வெயிலில் மற்ற குதிரைகள் நனைந்திருக்க, ஒன்று மட்டும் காய்ந்த உடம்போடு இருக்கிறதா? அது தெம்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். அதற்கு அன்ஹிட்ரோசிஸ் என்று பெயர். அதை வேலை வாங்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்குச் சவாரி வேண்டாம். வெயில் தாழ்ந்து, கடற்காற்று வீசும் மாலையில் போங்கள். அங்கே வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள். பிள்ளைகள் முன்னால் கேளுங்கள். அடுத்த முறை அவர்களே கேட்பார்கள்.