உங்ககிட்ட என்னா இருக்கப் போவுது

எங்க வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2013இல் என் தங்கச்சி பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011இல் தொடங்கியது. மூடியில் முதலமைச்சர் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே யார் வீட்டுச் சாமான் என்று தெரிந்துவிடும். தொகுப்பு வீட்டைப் பார்த்தால் தெரிகிற மாதிரிதான் இதுவும்.

அந்த வருசம் எங்க காலனியில் மூணு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது. இன்னொன்று கல்யாணத்துக்குப் போனது. 'கவர்மெண்டு குடுத்ததை வித்துத் தின்னுட்டாளுங்க'ன்னு ஊர்த்தெருவில் இன்னைக்கும் பேசுறாங்க. எங்களுடையது மட்டும் தங்கியது. கஷ்டம் இல்லாமல் இல்லை, தங்கச்சி விடவில்லை. 'அதைத் தொட்டீங்கன்னா நான் கெணத்துல குதிப்பேன்'னு சொல்லிட்டாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது 2015இல்தான் எனக்கு விளங்கியது. மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். எங்க ஏரிக்கரை நிலம் பஞ்சமி நிலம் என்று பெரியவங்க சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எங்க சனங்க நிலைமையை அறிக்கையாக எழுதிக் கொடுத்து, 1892இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டுக் கொடுத்த நிலம் அது. முதல் பத்து வருசம் விற்கவே கூடாது, பிறகு விற்றாலும் எங்க ஆளுங்களுக்குள்ளேதான் விற்கணும் என்பது நிபந்தனை. இன்றைக்கு அதில் வேறொருத்தர் சவுக்கு போட்டிருக்கிறார். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய சனங்க மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். எங்க அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அவர் சொல்லிக் கேட்டுத்தான் தங்கச்சி கிளம்பினாள். காலனியில் பதினொரு கிழவன் கிழவிகளைத் திண்ணையில் உட்காரவைத்து, யார் எந்தத் துண்டில் ஏர் ஓட்டினார்கள், எந்தக் கடனுக்கு யார் கைநாட்டு வாங்கினார்கள், யூடிஆர் கணக்கு எடுத்தபோது யார் பேர் காணாமல் போனது என்று கேட்டுக் கேட்டு அந்த லேப்டாப்பில் அடித்து வைத்தாள். டிடிபி கடையில் வேலைக்குப் போனவள், பழைய பாமினி எழுத்துருவில் படபடவென்று அடிப்பாள். யூடிஆருக்குத் தமிழில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று பேர். அந்த மேம்பாட்டில்தான் எங்க தாத்தா பேர் போனது.

அப்புறம் அவளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். லேப்டாப் என் வீட்டுக்கு வந்தது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள், சத்துணவு சமையலில் உதவியாளர். என் வீட்டுக்காரர் கொத்து வேலை. எங்களுக்கு அதில் இன்னா வேலை? துணி போர்த்தி பீரோ மேல் வைத்திருந்தோம். 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது மகள் அதை எடுத்தாள். அதிலிருந்து அது அவளுடையதாகிவிட்டது.

2023 ஜூனில் மகள் பதினொன்றாவது சேர்ந்தாள். வணிகவியலோடு கணினிப் பயன்பாடு. ரைட்டர், கால்க், எச்டிஎம்எல் எல்லாம் பாடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பிள்ளை. கை வைக்க முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் வீட்டில்தான் செய்து பார்க்கணும். ஆனால் எங்க லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரி 14ஓடு கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டது. குரோம் திறந்தால், இனி புதுப்பிப்பு வேண்டுமென்றால் விண்டோஸ் 10 வேண்டும் என்று மேலே ஒரு பட்டை வந்து நிற்கும். டீச்சர் அனுப்பும் சில பக்கங்கள் பாதிதான் திறந்தன. 'மாத்தியே ஆவணும்மா'ன்னு மகள் சொன்னாள்.

முதலில் நாங்களேதான் செய்து பார்த்தோம். விண்டோஸ் 10ஐ இறக்க மூணு ஜிபிக்கு மேல் வேண்டும். எங்க போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. என் போன், அவர் போன், பக்கத்து வீட்டு அண்ணி போன், மூணையும் சேர்த்து ராத்திரி இறக்கினோம். நடுவில் அறுந்துபோய் மறுநாள் முதலில் இருந்து. ஒருவழியாக முடிந்து ஏற்றினால் முக்கால்வாசி போய், மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று இங்கிலீசில் போட்டுவிட்டு பழையபடியே விண்டோஸ் 7 வந்து நின்றது. சி1900101 என்று ஒரு பிழை எண். வைரஸ் தடுப்பை எடுத்துவிட்டு மறுபடி செய்தாள். மறுபடி அதேதான். அது பெரும்பாலும் டிரைவர் ஒத்துப்போகாததால் வருவது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? மகள் அழுதாள். 'நான் எதையோ கெடுத்துட்டேம்மா' என்றாள். பள்ளிக்கூடத்தில் எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை வேறென்ன நினைக்கும்?

மறுநாள் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் மூடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

'எந்த ஊரும்மா?'

சொன்னேன்.

'ஊர்லயா, காலனிலயா?'

லேப்டாப் ரிப்பேருக்கு இது எதுக்கு? ஆனால் வாய் பழக்கத்தில் சொல்லிவிடும். 'காலனிங்க.'

'பரவால்லியே, விக்காம வச்சிருக்கீங்களே' என்று சிரித்தார். மகள் தரையைப் பார்த்தாள். எண்ணூறு ரூபாய், சாயங்காலம் வா என்றார். என் வயசுக்கு அவர் தம்பி மாதிரி இருப்பார். நான் அவரை சார் என்றேன், அவர் என்னை வா போ என்றார்.

சாயங்காலம் போனோம். விண்டோஸ் 10 ஏறியிருந்தது. மகள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து திறந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் தேடினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். 'எம்மா, டி டிரைவ் எங்கம்மா?'

எல்லாம் போயிருந்தது. பழைய பகுதிகள் எல்லாவற்றையும் அழித்து, ஒன்றாக்கி, புதுசாக ஏற்றியிருக்கிறார். தங்கச்சி அடித்து வைத்த பதினொரு பேர் வாக்குமூலமும் அதில்தான் இருந்தது. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். எங்க அப்பாவும் அதில் ஒருத்தர்.

ராத்திரி சோறு ஆக்கவில்லை. காலையில் சத்துணவு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு கடைக்குப் போனேன்.

'சார், உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிபோச்சே சார்.'

'நீ சொல்லவேயில்லையே.'

'நீங்க கேக்கவேயில்லையே சார். வேற ஆளுங்க வந்தா கேக்குறீங்களே, டேட்டா வேணுமான்னு.' நேற்று நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே முன்னாடி வந்தவரிடம் அவர் அப்படிக் கேட்டது என் காதில் விழுந்ததுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். 'உங்ககிட்ட என்னா இருக்கப் போவுது? நாலு சினிமா பாட்டு இருந்திருக்கும்.'

நான் சண்டை போடவில்லை. போட்டிருக்கணும். வெளியில் வந்து பஸ் ஸ்டாண்டு திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். 'ஆப் பண்ணிடு. இனிமே அதைத் தொடாத. யாரையும் தொட விடாத' என்றாள். அப்புறம் எங்க பெரியம்மா மகள் வயிற்றுப் பையன் நம்பர் கொடுத்தாள். அவன் சென்னையில் ஆதிதிராவிடர் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்தான். ஒரு பென் டிரைவ், இரவல் வாங்கிய ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்.

'சித்தி, அழிச்சா ஒடனே போயிடாது. புஸ்தகத்துல பொருளடக்கத்தைக் கிழிச்ச மாதிரிதான். உள்ள பக்கம் அப்படியே இருக்கும். அதுமேல புதுசா எழுதினாத்தான் போவும்' என்றான். எங்க டிஸ்க் 320 ஜிபி. புது விண்டோஸ் முன்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், டி டிரைவ் பின்பக்கம் இருந்தது, தப்பியிருக்கலாம் என்று கணக்குச் சொன்னான். பென் டிரைவில் இருந்து லினக்ஸ் ஏற்றி, போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருளை ஓட்டினான். எடுப்பதை அதே டிஸ்க்கில் வைக்கக் கூடாது, வெளி டிஸ்க்கில்தான் வைக்கணும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே செய்தான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆறு மணிநேரத்துக்கு மேல் ஓடியது. கரண்டு போய்விடக் கூடாதே என்று நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன். அவர்கள் சிரித்தார்கள்.

ஆயிரக்கணக்கில் ஃபைல் வந்தது. ஒன்றுக்கும் பேர் இல்லை. வெறும் எண். அந்த மென்பொருள் உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும், பேரை எடுக்காதாம். அதில் எழுத்து ஃபைல்களை மட்டும் பிரித்து, மகள் முதல் ஃபைலைத் திறந்தாள். இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து குப்பையாக இருந்தது. 'கெட்டுப்போச்சு அண்ணா' என்றாள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

தங்கச்சியிடம் வீடியோவில் காட்டினோம். பார்த்ததும் கத்தினாள். 'கெடலடி! அது பாமினிடி! எங்க பாத்தாலும் அரைப்புள்ளி வருது பார், அதெல்லாம் மெய்யெழுத்து மேல புள்ளி!' 2010இல் அரசாங்கம் யூனிகோடைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் டிடிபி கடைகளில் அதற்குப் பிறகும் ரொம்ப வருசம் பழைய எழுத்துருதான் ஓடியது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் இப்படித்தான் தெரியும். மகள் எழுத்துருவை இறக்கி, எல்லாவற்றையும் தேர்வு செய்து, மாற்றினாள்.

குப்பையாக இருந்ததெல்லாம் ஒரு நொடியில் தமிழாகிவிட்டது. 'எம்பேரு பொன்னம்மா பேத்தின்னு போட்டுக்க' என்று தொடங்கியது. அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். களத்துமேட்டில் சாணி பொறுக்கிக்கொண்டு போகிற மாதிரியே கண் முன்னால் வந்து நின்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பதினொன்றில் எட்டு முழுசாகக் கிடைத்தது. ஒன்று பாதி. எங்க அப்பாவுடையதுதான் அந்தப் பாதி. செங்கல்பட்டுக்கு லாரியில் போனது வரைக்கும் இருக்கிறது. அங்கே என்ன பார்த்தார் என்பது இல்லை. இரண்டு பேருடையது வரவேயில்லை. அதை மட்டும் தங்கச்சி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தாளாம். அந்த இடத்தில்தான் புது விண்டோஸ் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த ரெண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இல்லை.

லேப்டாப்பை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஏற்றியது திருட்டு விண்டோஸ் என்று பையன் கண்டுபிடித்தான். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த பழைய விண்டோஸ் 7 எண்ணையே கொடுத்திருந்தால் போதும். இலவசம் 2016 ஜூலை 29ஓடு முடிந்ததாக அறிவித்திருந்தாலும், அந்த எண்ணை 2023 செப்டம்பர் வரைக்கும் அது ஏற்றுக்கொண்டிருந்ததாம். எண்ணூறு ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது எங்களிடம் இருந்ததைத்தான். அப்படியும் அந்த 2 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 10 எருமை சேற்றில் நடக்கிற மாதிரி நடந்தது. பழைய சாமான் கடையில் இன்னொரு 2 ஜிபி வாங்கிப் போட்டு, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். வைஃபை வரவில்லை என்றபோது போனை ஒயரில் செருகி நெட் கொடுக்கலாம் என்று மகளே கண்டுபிடித்தாள். ரைட்டரும் கால்க்கும் அதில் நன்றாக ஓடுகிறது. பதினொன்றாவது, பன்னிரண்டாவது ரெண்டு வருசமும் அதில்தான் முடித்தாள்.

இதில் ஒரு வேடிக்கை. அரசாங்கம் கொடுக்கும்போதே அந்த லேப்டாப்பில் விண்டோசோடு பாஸ் என்று ஒரு லினக்சும் இருந்ததாம். சி-டாக் செய்தது, தமிழிலேயே வேலை செய்யலாம். போட்டவுடன் ரெண்டில் எது வேண்டும் என்று கேட்கும். நாங்கள் பத்து வருசமாக அந்த இரண்டாவது வரியைப் பார்த்தும் தொட்டதில்லை. அது என்ன என்று எங்க பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கும் பொது ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகத்தோடு டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு வசதியும் இருக்கணும். அரசாங்கம் அப்போது கொடுத்த லேப்டாப் எதிலும் அது ஏறுவது கஷ்டம். எங்க பக்கத்துக் காலனிகளில் இன்னும் பீரோ மேல் அந்த மாதிரி மிஷின்கள் கிடக்கின்றன. மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். லீவில் வரும்போது யாராவது எடுத்து வருவார்கள். எவ்வளவு ஆகும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னாடி அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

'அத்த, இதுல இன்னா இன்னா இருக்குதுன்னு மொதல்ல சொல்லு' என்பாள்.

'ஒண்ணும் இல்லடி, இன்னா இருக்கப் போவுது' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவள் விடமாட்டாள். கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். சாதிச் சான்றிதழ் இருக்கும். செத்துப்போன பிள்ளை போட்டோ இருக்கும். பட்டா கேட்டுத் தாசில்தாருக்கு எழுதிய மனு இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, வெளியில் ஒரு பிரதி எடுத்து, அவர்கள் கையில் ஒரு பிரதி கொடுத்த பிறகுதான் அந்த மிஷினில் கை வைப்பாள்.

கிடைத்த எட்டரை வாக்குமூலத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். ஓசூரில் ஒன்று, விடுதியில் ஒன்று, எங்க வீட்டில் ஒன்று இருக்கிறது. தாளிலும் எடுத்து வைத்திருக்கிறோம். அன்றைக்குப் பேசியவர்களில் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். அப்பாவோடு லாரியில் போனவர் ஒருத்தர் அச்சிறுபாக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் அவரைப் பார்க்கப் போகிறோம்.