அக்கி அல்ல



என் தங்கையைப் பற்றிப் பலரும் போனில் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். முதலில் வாய்ப்புண். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்தோம். நான்கு மாதமாக ஆறவில்லை. பிறகு முதுகில் கொப்புளம். அக்கி என்று காவியில் எழுதினார்கள். சாயத்து அலர்ஜி என்றார்கள் சிலர். திருப்பூரில் எதற்கும் சாயத்தின் மேல் பழி போடுவது சுலபம்!

கோவையில் தோல் மருத்துவர் கொப்புளத்தின் ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தார். மேல்தோல் நழுவியது. பெம்பிகஸ் என்று சந்தேகப்பட்டார். செங்கல்லுக்கு நடுவே கலவை போல, தோல் செல்களை ஒட்டி வைப்பது டெஸ்மோகிளைன் என்ற புரதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைப் பகையென்று தாக்குகிறது. தொற்றுநோய் இல்லை. அவளுக்குத் தனி டம்ளர் வைத்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

சோதனைக்கு இரண்டு இடத்தில் தோல் எடுத்தார்கள். ஒன்று கொப்புளம், அது பார்மலினில். மற்றது பக்கத்து நல்ல தோல். அதைப் பார்மலினில் போட்டால் சோதனை கெடும், தனித் திரவம் வேண்டும். ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளை ஒளிரவைத்துப் பார்க்கிறார்கள். 1964-இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் திறந்த வழி. நோய் உறுதியானது.

சிகிச்சை, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் கொண்டுவந்த பல்ஸ் முறை. மாதம் மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப், இடையில் தினமும் மாத்திரை. இரண்டு சுற்று முடிந்தது. நேற்று ரசஞ்சோறு சாப்பிட்டாள்.

மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கிறது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் இப்போது பார்க்க வர வேண்டாம். போன் செய்யுங்கள், சாயங்காலமாக.