கொக்கி தாங்கும் எடை

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச், படைத்துறைக்கும் எந்திரத் தொழிலுக்கும் ஒருசேர இடம் கொடுத்த பகுதியாகும். 19ஆம் நூற்றாண்டில் கவர்னர் ஜெனரலின் மெய்க்காவற்படை தங்கியிருந்த இப்பகுதியில் இன்றும் பாலிகஞ்ச் மைதான் முகாம் இயங்கிவர, குருசதய் சாலையில் 1959இல் திறக்கப்பட்ட பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் பழைய எந்திரங்களைக் காத்து வருகிறது. படைத்துறையின் கனரக வண்டிகள் ஓய்வுபெற்ற பிறகு எவ்வாறு இடம் மாற்றப்படுகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு இங்கே மற்றொரு பாடமும் கிடைக்கிறது. அது, மாநகராட்சியின் குப்பை அழுத்து நிலையங்களில் நாள்தோறும் வேலை செய்யும் ‘ஹூக் லோடர்’ எனப்படும் கொக்கி லாரியாகும்.

அழுத்தி நிரப்பப்பட்ட குப்பைப் பெட்டியை முழுதாகத் தூக்கி, கிழக்கே தாப்பாவில் உள்ள குப்பைக் கிடங்குக்குக் கொண்டுசெல்வதே இவ்வண்டியின் பணி. ஓட்டுநர் லாரியைப் பெட்டிக்கு நேராகப் பின்னோக்கிக் கொண்டுவர, பின்புறம் நிற்கும் உதவியாளர் உள்ளங்கையால் தகட்டைத் தட்டியும் “ஆஸ்தே, ஆஸ்தே” (மெல்ல, மெல்ல) என்று குரல் கொடுத்தும் நேர்கோட்டைச் சொல்லிக்கொண்டே வருகிறார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கை பின்னால் வளைந்து, பெட்டியின் முன்முகப்பிலுள்ள குறுக்குக் கம்பியைக் கொக்கியால் பற்றி மேலே இழுக்கும்போது, பெட்டி சாய்ந்தவாறே லாரியின் பின்முனை உருளைகள் மீது ஏறி, சட்டகத்தில் படிகிறது. ஐரோப்பிய வழக்கில் அக்கம்பியின் உயரம் 1570 மில்லிமீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரே லாரி பெட்டி, தொட்டி, வெறும் தட்டு என எதையும் மாற்றி மாற்றிச் சுமக்க இயலும்.

இந்த வசதியைக் கண்ட படைகள் அதைத் தம் தேவைக்கு ஏற்றுக்கொண்டன. 1990களில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த கொக்கி லாரிகள் ஏறத்தாழ 15 டன் சுமையைக் கிரேன் இன்றியே ஏற்றி இறக்கின. ‘ஃபிளாட் ரேக்’ எனப்படும் பக்கச்சுவரற்ற இரும்புத் தட்டின் மீது கவச வண்டியை நிறுத்தி, தட்டோடு சேர்த்துத் தூக்குவதே கொக்கி லாரியில் பழைய கவச வண்டியை ஏற்றும் முறையாகும். எந்த வண்டியை இவ்வாறு ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று பிரித்தறிவதில்தான் இத்தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியுள்ளது.

வங்காளத்தோடு தொடர்புடைய ஒரு வண்டியைக் கொண்டே இதை விளக்கலாம். 1971 நவம்பரில் எல்லைக்கு அப்பால் கரிப்பூரில் நடந்த சண்டையில் இந்தியப் படையின் 45ஆம் கேவல்ரி பிரிவைச் சேர்ந்த பி.டி.-76 டாங்கிகள் பாகிஸ்தானின் எம்-24 சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டன. நீரில் மிதந்து செல்லும் பி.டி.-76 சுமார் 14 டன்னும், சாஃபி சுமார் 18 டன்னும் எடை கொண்டவை. 2018இல் இந்திய அரசு உயர்த்திய வரம்பின்படி மூன்று அச்சு லாரி சுமையோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம். லாரி, ஹைட்ராலிக் கை, இரும்புத் தட்டு ஆகியவற்றின் எடை மட்டுமே அதில் பாதியை நெருங்கிவிடுவதால், பி.டி.-76 விளிம்பில் நிற்கிறது. சாஃபிக்கு 36 டன் வரம்புள்ள நான்கு அச்சு லாரி தேவைப்படுகிறது. 36 டன் எடையுள்ள டி-55 வகைக்கும், சென்னையை அடுத்த ஆவடியில் 1965 முதல் உருவாகிய ஏறத்தாழ 39 டன் விஜயந்தா டாங்கிக்கும் கொக்கி லாரி பொருந்தாது. அவற்றுக்குப் பல அச்சுகள் கொண்ட தாழ்தள டிரெய்லரே வழியாகும்.

எடை பொருந்தினாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஏற்றும்போது தட்டு 30 பாகை சாய்ந்தால், 14 டன் வண்டியின் எடையில் பாதியான 7 டன் விசை அதைப் பின்னோக்கிச் சரிக்க முனைகிறது. இரும்புச் சங்கிலிப்பட்டை இரும்புத் தட்டின் மீது எளிதில் வழுக்கும் என்பதால், பட்டைக்கு அடியில் மரப்பலகைகள் பரப்பப்படுகின்றன. முன்னும் பின்னும் கட்டை கொடுக்கப்படுகிறது. நான்கு மூலையிலிருந்தும் சங்கிலிகள் குறுக்காகக் கட்டப்பட்டு, திருகு இறுக்கிகளால் முறுக்கப்படுகின்றன. சில கிலோமீட்டர் ஓடியதும் சங்கிலிகள் படிந்து தளர்வதால், மீண்டும் நிறுத்தி இறுக்குவது இன்றியமையாதது. எரிபொருளும் எண்ணெயும் வடித்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். பீரங்கிக் கோபுரம் சுழலாதவாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்றத்தின் தொடக்கத்தில் தட்டின் பின்முனை தரையில் இருப்பதால், எடை நடுவில் அமைந்திருந்தால் கொக்கி ஏறத்தாழ பாதிப் பாரத்தையே தாங்குகிறது. பின்முனை தரையை விட்டு எழும் நொடியில் முழுப் பாரமும் லாரியின் பின்பகுதிக்கு மாறி, முன்சக்கரங்கள் இலேசாகின்றன. பி.டி.-76இல் எந்திரம் பின்புறம் அமைந்திருப்பதால், அது கழற்றப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து வண்டியை நிறுத்தும் இடம் மாறும். ஓட்டுநர் கைப்பிடியை மெல்ல அசைத்து, முன்சக்கரம் எழும்பும் முதல் அறிகுறியிலேயே நிறுத்தி, தட்டை இறக்கிச் சுமையை நகர்த்தி வைக்கச் சொல்வாரானால், அது தயக்கமன்று, தேர்ச்சியே ஆகும்.

சாலையும் தன் பங்குக்கு நிபந்தனை விதிக்கிறது. லாரிக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர் என்றிருக்க, பி.டி.-76 மூன்று மீட்டரைத் தாண்டுவதால், அளவு மீறிய சரக்குக்கான தனி அனுமதி பெற வேண்டும். கனரகச் சரக்கு வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடுள்ள கொல்கத்தாவில் இத்தகைய பயணம் இரவில்தான் நடக்க முடியும். மேம்பாலங்களின் தாங்குதிறனும் டிராம் கம்பிகளின் உயரமும் முன்கூட்டியே பார்க்கப்பட வேண்டும்.

கனரக வாகன உரிமத்துக்கான தேர்வு சாலையில் ஓட்டும் திறனையே சோதிக்கிறது. சாயும் சுமையைக் கணிக்கும் திறன் வேலையிடத்தில், மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வருகிறது. அருங்காட்சியகங்களும் படைப்பிரிவுகளும் பழைய டாங்கியின் பெயரையும் போர் வரலாற்றையும் பலகையில் எழுதி வைப்பது போல, அதன் இன்றைய எடை, ஈர்ப்பு மையம், கட்டுவதற்கான கொளுவிகள், பூட்டும் முறை ஆகியவற்றையும் ஏட்டில் பதிந்து, தூக்கும் தொழிலாளர் கையில் வேலைக்கு முன்பே கொடுக்க வேண்டும். குப்பைப் பெட்டியை நாள்தோறும் பிசகின்றி ஏற்றும் பாலிகஞ்ச் தொழிலாளரிடம் அடிப்படைத் திறன் ஏற்கெனவே உள்ளது. அத்திறனுக்கு முறையான பயிற்சியும், “இதைத் தூக்க முடியாது” என்று அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பும் சேர்ந்தால், கவச வண்டியை ஏற்றும் பணி உயிருக்கு அஞ்சாமல் செய்யத்தக்க தொழிலாகும்.